காற்றை மறைத்துத் திரும்பிய கப்பல்

மகள்,

போன ஞாயிறு பூசையில் உன்னுடைய கலியாண அறிவித்தலை, இரண்டாம் ஓலையை, வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து அறிவிக்கும்படி பங்குச் சுவாமி வழக்கம்போலக் கேட்டார். வாசித்துவிட்டு, வழக்கம்போல ஒருவரும் எழும்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கடதாசியை மடித்தார். நீ எனக்குப் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்து இருந்தாய். எனக்கு எழும்பவேண்டும் போல இருந்தது. "ஓம் சுவாமி, தடை ஒண்டு இருக்கு. இந்தப் பொம்பிளை ரெண்டு ஆம்பிளையளை நடுக்கடலில விட்டிட்டு மணவறைக்குப் போகப்போறா" என்று உரக்கச் சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்லியிருந்தால் உன் அம்மா அந்த இடத்திலேயே மயங்கியிருப்பாள். அதனால்தான் கோயிலில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த இரண்டு பேரும் ஆர் என்று உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியாது. நீ இன்ரநெற்றில் பேர் போடாமல் எழுதுகிற தொடர்கதையின் கீழே இரண்டு வருஷமாக வந்து குறை சொல்லிக்கொண்டிருக்கிற 'பழைய கயிறு' என்ற வாசகர் நான்தான். ஒருமுறை நீ அவருக்கு, "ஐயா, நீங்கள் சொன்னது சரி, திருத்திவிட்டேன்" என்று பதில் போட்டிருந்தாய். குசினியில் நான் எதையாவது திருத்தச் சொன்னால் ஒருநாளும் இவ்வளவு மரியாதையாக நீ பதில் சொன்னதில்லை. அந்தப் பதிலை நான் படகிலிருந்து திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நடந்தது இதுதான். உன் போன் திருத்தக் கொடுத்திருந்த கிழமை, நீ என்னுடையதை வாங்கி ஏதோ செய்துவிட்டுத் திருப்பித் தந்தாய். அடுத்த நாள் காலை, கோதுமைக் கப்பல் ஒன்று வெளியே நங்கூரம் போட்டு நின்றது. கப்பல்களுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்குள் கொண்டுவருகிற பைலட் ஐயா வரும்வரை படகை இறங்குதுறையில் கட்டிவிட்டு நான் போனைத் திறந்தேன். நீ எழுதிக்கொண்டிருந்த பக்கம் அப்படியே திறந்து கிடந்தது. ஏதோ கடல் கதை என்று கண்டதும் வாசிக்கத் தொடங்கினேன். மூடுபனி, பெரிய கப்பல், அதற்குள் ஏறப்போகிற ஒறின் என்ற பைலட், மேலே கையைப் பிடித்துத் தூக்கக் காத்திருக்கிற தாவெக் என்ற கப்டன். இருவருக்கும் நடுவில் என்ன ஓடுகிறது என்பதெல்லாம் எனக்கு அப்போது ஏறவேயில்லை. ஏணியைக் காற்றுப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாய். அதுதான் கண்ணில் குத்தியது. வாடைக் காற்றில், அலை வந்து அடிக்கிற பக்கத்தில் ஏணியைப் போட்டால் அந்த மனிதன் உயிரோடு ஏறுவானா? பைலட் படகு ஓட்டுகிறவன் வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை செய்கிற பிழையா இது? அந்தக் கோபத்தில்தான் ஒரு பெயரைப் போட்டுப் பதிந்து எழுதினேன்: "ஏணி காற்றுப் பக்கம் வரக்கூடாது. கப்பல் திரும்பித் தன் உடம்பால் காற்றை மறைக்கவேணும். மறைவுப் பக்கம் கடல் அடங்கும். அந்தப் பக்கம்தான் ஏணி."

அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் திருத்தினாயா என்று பார்க்கப் போனேன். நீ ஏணியை மட்டும் மாற்றவில்லை. தாவெக்கின் முதலாளிமார் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறார்கள். அவன் அதைக் கேளாமல் அவ்வளவு பெரிய கப்பலையும் மெல்ல மெல்லத் திருப்புகிறான். பாய்கள் படபடக்கின்றன, சாமான்கள் உருளுகின்றன, ஆட்கள் ஏசுகிறார்கள். கீழே ஒரு சின்னப் படகில் நிற்கிற ஒருவனைச் சுற்றி ஒரு துண்டுக் கடல் மட்டும் அடங்கிப்போகிறது. ஒறின் அண்ணாந்து பார்க்கிறான். தனக்காக ஒரு கப்பல் திரும்பியிருக்கிறது என்று அவனுக்கு விளங்குகிறது. மகள், என் வேலைக்காலம் முழுவதும் கப்பல்கள் எங்களுக்காகத் திரும்பியிருக்கின்றன. கொட்டியாரக் குடாவின் வாயில், மார்கழி மாதத்துக் கடலில், ஆரென்று தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் எங்களுக்காகக் காற்றை மறைத்துத் தந்திருக்கிறார்கள். அதை நான் விதிமுறை என்று நினைத்தேன். அது அன்பு செய்கிற வேலை என்று நீ எழுதி வாசித்த பிறகுதான் கண்டுகொண்டேன். அதற்குப் பிறகு வந்த கப்பல் எங்களுக்காகத் திரும்பியபோது நான் கண்ணைத் துடைத்தேன். பைலட் ஐயா, "என்ன, கண்ணுக்க உப்புத்தண்ணி போயிட்டுதோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

பிறகு முதல் அத்தியாயத்திலிருந்து ஒழுங்காக வாசித்தேன். இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்பது விளங்கியதும் சங்கடமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். சில இடங்களில் கோயிலில் இருக்கிறவனைப்போல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். ஊரடங்கு நாட்களில் நீ ஹோலில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து ஒறினும் தாவெக்கும் முதலில் வந்த அந்தக் கப்பல் விளையாட்டை விளையாடும்போது, பின்னால் கதிரையில் இருந்து நானும் பார்த்தவன்தானே. அதில் இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதே கொஞ்ச நேரம். ஒருவன் கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்து விடுகிறான், மற்றவன் நன்றி சொல்லிவிட்டுப் போகிறான். விளையாடுகிறவர் சுட வேண்டியதைச் சுட்டுப் புதையலை எடுக்கப் போய்விடுவார். நீ மட்டும் அந்த நன்றியில் நின்றுவிட்டாய். அதைச் சொல்லும்போது அவன் குரல் ஏன் தணிந்தது என்று யோசித்திருக்கிறாய். அந்த ஒரு தணிவிலிருந்து இவ்வளவு பெரிய கதையை, ஒரு நகரத்தை, அதன் சட்டங்களை, அதன் சாப்பாட்டைக்கூட உண்டாக்கியிருக்கிறாய். அந்த நகரத்தில் சூடைமீன் பொரிக்கிற மணம் வருகிறதே, அது எங்கள் தெரு மணம். ஆரோ வெளிநாட்டுக்காரன் செய்த விளையாட்டுக்குள் எங்கள் துறைமுகத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். இவள் என் வீட்டில்தான் இருந்தாளா என்று எனக்கு ஆச்சரியம் தீரவேயில்லை.

சாப்பிடும்போது நீ கேட்ட கேள்விகள் எல்லாம் அப்போதுதான் விளங்கின. "அப்பா, ஏணியில கால் வைக்கேக்க பைலட் எங்க பார்ப்பார்?" "அப்பா, படகில நிக்கிற ஆள் அவருக்கு என்ன சொல்லுவார்?" மகளுக்கு என் வேலையில் இவ்வளவு ஆசை என்று நினைத்துச் சந்தோஷத்தில் இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டிருக்கிறேன். அலை படகைத் தூக்கிக்கொண்டு மேலே வரும், உச்சியில் ஒரு கணம் நிற்கும், அந்த நேரம்தான் ஏணிக்கு மாறவேண்டும் என்று சொல்லித் தந்தேன். முந்தினால், இன்னும் ஏறிக்கொண்டிருக்கிற படகு வந்து காலை நசித்துவிடும். பிந்தினாலும் ஏலாது. ஏறுகிறவருக்குக் கடல் தெரியாது, அவர் ஏணியைத்தான் பார்ப்பார். கடலைப் பார்க்கிறவன் படகோட்டி. அவன் "இப்ப!" என்பான். பைலட் யோசிக்காமல் மாறுவார். அந்தச் சொல்லை நம்பித்தான் ஒரு மனிதர் படகை விடுகிறார்.

விளையாட்டில் படகோட்டி கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். உன் கதையில் மட்டும் ஒரு கிழவன் வருகிறான். எதற்கெடுத்தாலும் ஏசுகிறான், இஞ்சி போட்ட பிளேன்ரீ குடிக்கிறான், மழைக்கோட்டை ஒருநாளும் ஒழுங்காகக் கொழுவமாட்டான். ஒறினுக்கு ஒவ்வொரு முறையும் "இப்ப!" என்று சொல்கிறவன் அவன்தான். தாவெக்கைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டான். ஆரைப் பார்த்து எழுதினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்தத் தொப்பையை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். என்னுடைய படகில் எஞ்சின் பார்த்தவரை உனக்கு நினைவிருக்கும். இங்கே அவருக்கு பெனடிக்ற் என்று வேறு பெயர் வைக்கிறேன். அன்புவழிபுரத்தில் அவரும் ஒரு தையல்கார மாஸ்டரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நத்தார் பண்டிகைக்கு அந்த வீட்டிலிருந்து எங்களுக்குக் கேக் வரும். இரண்டு பேரும் கலியாணம் கட்டவில்லை, வாடகையைப் பங்கு போடுகிறார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். பெனடிக்ற் செத்தபோது அவருடைய சகோதரிமார் வந்து எல்லாவற்றையும் பொறுப்பெடுத்தார்கள். பெட்டியை மூட முன்பு, சொந்தக்காரர் கடைசியாக ஒருக்கால் பாருங்கோ என்று கூப்பிட்டார்கள். மாஸ்டர் கேற்றடியில் சைக்கிள்களோடு நின்றார். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. நான் பெட்டியைத் தூக்குகிற ஆட்களில் ஒருவன், உள்ளே நின்றேன். நீ அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. சாவு வீட்டுக்கு நாங்கள் இரவல் கொடுத்திருந்த கதிரை ஒன்றை உள்ளிருந்து தூக்கிக்கொண்டு சனத்தை இடித்துக்கொண்டு வெளியே போனாய். வயதான மனிதர் வெயிலில் நிற்கிறார், பிள்ளைக்கு நல்ல மனம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

உன் கதையில், அந்த நகரத்துச் சட்டப்படி செத்தவரைக் கொண்டுபோகிற படகில் இரத்த உறவுகள் மட்டும்தான் ஏறலாம். வயதான வலைகாரர் ஒருவர் சாக, அவரோடு வாழ்ந்த மற்றவர் கரையில் நிற்கிறார். ஒரு சின்னப் பெண் அவருக்கு ஒரு முக்காலி கொண்டுபோகிறாள். அவர் அதில் இருக்கவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, படகு மறையும்வரை நிற்கிறார். இதை வாசித்தபோது போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். முக்காலிக்கு முதுகு கிடையாது, மகள். நீ எழுதியது முக்காலி இல்லை, எங்கள் வீட்டுக் கதிரை. மாஸ்டர் அன்றைக்கு அதில் இருக்கவில்லை, அதன் முதுகைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். அது என் கண்ணிலும் பட்டதுதான். நீ கண்ட விதத்தில் நான் காணவில்லை. அந்த வயதில் உனக்கு அது எப்படித் தெரிந்தது? அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பயமும் பெருமையும் கலந்து வருகின்றன.

மாஸ்டருக்கு இப்போது கண்ணில் புரை விழுந்து எழுத்துத் தெரிவதில்லை. ஒருநாள் பின்னேரம் போய், ஒரு கதை வாசிக்கட்டுமா என்று கேட்டேன். அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் போகிறேன். கிளப் கூட்டம் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போவது அங்கேதான். கப்பல் திரும்புகிற இடத்தை இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கொஞ்ச நேரம் கையில் இருந்த ஊசிப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இதை ஆர் எழுதினது?" என்றார்.

"ஆரோ ஒரு பிள்ளை. பேர் போடேல்ல."

"அந்தப் பிள்ளைக்கு ஒருக்கால் நன்றி சொல்லிவிடு தம்பி. எங்களை ஆரும் இப்பிடிக் கதைச்சு நான் கேக்கேல்ல."

எங்களை என்றார். கண் ஒப்பரேசனுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தவர், அடுத்த சனிக்கிழமை, "முடிவை என்ர கண்ணால வாசிக்கோணும், எப்ப வரச் சொல்லுறாங்கள் எண்டு கேள்" என்றார்.

உன் கதைக்குக் கீழே வருகிறதையும் நான் விடாமல் வாசிக்கிறவன். கந்தளாயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தாரே: "'ஓம்', 'ஏலாது' எண்டு எங்கட பேச்சில இப்பிடி ரெண்டு பேர் விரும்புறதை நான் வேற எங்கயும் வாசிக்கேல்ல. எனக்கும் ஒரு ஆள் இருக்கிறார். அவருக்கும் அனுப்பினனான்." அதற்கு நீ ஒரு சொல்தான் பதில் எழுதியிருந்தாய்: "வாசியுங்கோ." நான் துறைமுகத்தில் வேலை செய்து எத்தனையோ கப்பலை உள்ளே கொண்டுவந்திருக்கிறேன். உன் அறையில், கட்டிலில் சப்பாணி கட்டிக்கொண்டு, தலையில் எண்ணெயோடு, நீ ஆரை எல்லாம் கரை சேர்த்திருக்கிறாய் என்று உனக்கே தெரியாது.

உன் அம்மாவிடம் போன கிழமை சொன்னேன். சொல்லாமல் இருக்க ஏலவில்லை. தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "ரெண்டு ஆம்பிளையோ?" என்றாள். "ஓம்" என்றேன். திரும்பவும் திருவத் தொடங்கி, பாதித் தேங்காய் முடிந்த பிறகு, "அப்ப ஆர் சமைக்கிறது?" என்று கேட்டாள். தாவெக் நன்றாகச் சமைப்பான் என்றேன். அடுத்த நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவங்கள் ரெண்டு பேரும் கரைக்கு வந்திட்டாங்களோ?" என்றாள். இல்லை, இன்னும் கடலில்தான் நிற்கிறார்கள் என்றேன். "என்ன பிள்ளை இவள், மழைக்குள்ள விட்டு வைச்சிருக்கிறாள்" என்று உன்னை ஏசினாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளுக்கு வருகிறேன். அவருடைய அக்கா நல்ல மனுசி, கபடமாகக் கேட்கவில்லை. "தங்கச்சி இன்ரநெற்றில ஏதோ கதையள் எழுதுறவ எண்டு கேள்விப்பட்டம்" என்றா. நீ கேக் தட்டத்தோடு நின்றாய். "இல்லை அக்கா, அது பள்ளிக்கூட நாளையில சும்மா. நான் ஒண்டும் எழுதுறேல்ல" என்று சிரித்தாய். நான் மாஸ்டர் பிடித்து நின்ற அந்தக் கதிரையில் இருந்து, தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போய் இரண்டு நாளில் உன் பக்கத்தில் அறிவித்தல் வந்தது: வாழ்க்கையில் ஒரு மாற்றம் வருகிறது, மூன்றாம் ஞாயிறுக்குப் பிறகு இந்தக் கதை இங்கே இருக்காது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஏன் மூன்றாம் ஞாயிறு என்று உன் வாசகர்களுக்கு விளங்கியிராது. எனக்கு விளங்கியது. கடைசி ஓலை வாசிக்கிற நாள் அது.

அவர்கள் போன பிறகு, அந்த அறிவித்தலுக்கு முன் நீ போட்ட அத்தியாயம் என்ன? தாவெக்கின் கப்பல் அந்த நகரத்தை விட்டு ஒரேயடியாகப் போகிறது. கப்பல் திரும்பிவிட்டது, ஏணி இறங்கிவிட்டது. ஒறின் இந்த முறை வழிகாட்ட ஏறவில்லை, கூடப் போக ஏறுகிறான். ஒரு கை ஏணியில். அலை எழும்புகிறது. கிழவன் வாயைத் திறக்கவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கிறாய். நான் அதை வாசித்துவிட்டு, இவன் ஏன் பேசாமல் நிற்கிறான், அலை போகப்போகிறதே என்று படகில் இருந்து சத்தம் போட்டுக் கேட்டேன். பிறகுதான் அந்தத் தேத்தண்ணிக் கோப்பை நினைவு வந்தது. அன்றைக்கு எங்கள் ஹோலிலும் ஒரு கிழவன் பேசாமல்தான் இருந்தான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி குறைவு, ஆனாலும் தகப்பன்மார் சொல்லாமல் விடமாட்டார்கள். வீட்டைவிட்டுப் போகும்போது எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போ. அந்தப் பச்சை அலுமாரியை விட்டுவிட்டுப் போ, என் ஏச்சை விட்டுவிட்டுப் போ. உன் கண்ணை விட்டுவிட்டுப் போகாதே. கேற்றடியில் நிற்கிறவரைக் கண்டு கதிரை தூக்கிக்கொண்டு ஓடிய கண் அது. மாப்பிள்ளை இதை எப்படி எடுப்பார் என்று எனக்குத் தெரியாது, தெரியும் என்று உன்னை ஏமாற்றவும் மாட்டேன். நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறார். படகைப் பார்க்க வந்த அன்று, என் கையிலிருந்த கயிற்றைத் தான் வாங்கிக் கட்டினார், பிழையாகக் கட்டினார், சொன்னதும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அப்படிப்பட்டவரோடு கதைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சொல்வதும் விடுவதும் உன்னுடையது. ஆனால் ஒருவரும் விடச் சொல்லிக் கேட்க முதலே நீயே உன்னை அழித்துக்கொண்டு போனால், அவர் கட்டுகிறது ஆரை?

அவருடைய அக்காவோ வேறு ஆரோ வந்து கேட்டால் இனி என்னைக் கேட்கட்டும். "ஓம், என்ர மகள் எழுதுறவ. ரெண்டு ஆம்பிளையளின்ர காதல் கதை. நான் ஒண்டும் விடாமல் வாசிச்சனான், ஏணியையும் முக்காலியையும் தவிர வேற பிழை ஒண்டும் காணேல்ல" என்று சொல்லிக்கொள்கிறேன். ஏசுகிறவர்கள் என்னை ஏசட்டும். நீ சம்மதம் என்று சொல்லும்வரை இந்த வாய் திறக்காது என்பதையும் எழுதி வைக்கிறேன். இந்தக் கடிதத்தையும் உனக்கு மட்டும்தான் அனுப்புகிறேன். உன் கதைக்குக் கீழே எல்லாரும் வாசிக்கப் போட விரும்பினால் போடு, ஒருவருடைய சொந்தப் பெயரும் இதில் இல்லை. கந்தளாய்க்காரர் வாசித்தால் எனக்குச் சந்தோஷம்.

நாளை மூன்றாம் ஞாயிறு, உன் கதை இன்னும் முடியவில்லை. மாஸ்டரின் கண் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். உன் அம்மா குசினிக்குள் நின்று, அவங்களைக் கரை சேர்த்திட்டாளோ என்று இன்றைக்கும் கேட்டாள். எனக்கு வயது போய்விட்டது, ஆனால் உடம்பு இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது, நீயே எழுதியிருக்கிறாய். அதைத் திருப்பிக் காற்றுக்குக் குறுக்கே வைத்திருக்கிறேன். ஏணி மறைவுப் பக்கம் இருக்கிறது. நீ கடலைப் பார்க்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அலை தூக்கிக்கொண்டு வருகிறது, பிள்ளை.

இப்ப!